மருந்தும் நஃபகாவைச் சேர்ந்ததா?

மாதவிலக்கு நின்றுபோன பெண்களைப் பற்றித் திருக்குர்ஆன் தயங்காமல் பேசுகிறது. அத்தலாக் அத்தியாயத்தின் 4 ஆம் வசனம் அவர்களுக்குரிய இத்தாவை மூன்று மாதம் என வகுக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் முதிய பெண்களுக்கு மேலாடை விஷயத்தில் ஒரு சலுகையை அளிக்கிறது. நமது இமாம்களும் இந்தப் பருவத்தை வாய்மூடிக் கடந்துவிடவில்லை. ஹைள் நிற்கும் வயதின் எல்லை ஹனஃபீ மத்ஹபில் 55 என்றும், ஷாஃபிஈ மத்ஹபில் 62 என்றும் கணக்கிட்டு எழுதி வைத்தார்கள். மத்ரஸாவில் மீசை அரும்பும் வயதில் நாம் இந்தப் பாடங்களையெல்லாம் உஸ்தாதின் முன் அமர்ந்து உரக்க ஓதியிருக்கிறோம். ஆனால் அதே பருவத்தில் நம் வீட்டுத் தாய்மார்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று நாம் கேட்டதில்லை. ஷரீஅத் வெட்கப்படாத இடத்தில் நாம் வெட்கப்பட்டு நின்றுவிட்டோம். அந்த வெட்கத்தின் விலையை அவர்கள் தங்கள் உடலால் கொடுத்து வருகிறார்கள். அதைப் பற்றியே இம்மாதம் வாசகர்களிடம் மனம் திறந்து பேச விரும்புகிறோம்.

ஒரு தாயாரின் கேள்வி

அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டியில், சென்ற ஆண்டு கோடையில் நடந்தது இது. கரிசல் காடும் சீமைக் கருவேலமும் சூழ்ந்த வறண்ட சீமையில் வெயில் எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவிலுள்ள ஒரு தாயார் நம் வீட்டுக்கு வந்து, நம் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏந் தாயி, ஹஜ்ரத்துக்கிட்ட ஒரு மஸ்அலா கேட்டுச் சொல்லும்மா. எனக்கு நாப்பத்தொம்பது வயசாகுது. மூணு மாசம் ஒண்ணுமில்லாம இருக்கும். பெறகு பத்து நாளு, பதினஞ்சு நாளுன்னு நிக்க மாட்டேங்குது. எது தொழுகையில்லாத நாளு, எது தொழுவுற நாளுன்னே வெளங்கல."

நாம் உள்ளிருந்தபடியே மஸ்அலாவைச் சொல்லியனுப்பினோம். ஹைளின் குறைந்த அளவு மூன்று நாள், கூடிய அளவு பத்து நாள். இரண்டு ஹைளுக்கு இடையில் சுத்தம் குறைந்தது பதினைந்து நாள். அதற்கு மாறாக வருவது இஸ்திஹாளா. அந்நாட்களில் தொழுகையை விடக்கூடாது, ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்துகொள்ள வேண்டும் என்று விளக்கினோம். "மற்றபடி ஸபர் செய்யச் சொல்" என்றும் சேர்த்துச் சொன்னோம். கடமை முடிந்த நிறைவோடு கிதாபை எடுத்தோம்.

சற்று நேரத்தில் நம் மனைவி திரும்பி வந்து, "மஸ்அலா சொல்லிட்டீங்க. அந்தம்மா ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்லையாம். அதுக்கு என்ன மஸ்அலா?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை.

பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. இரவில் திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறுமாம். உடுத்திய சேலை நனையும் அளவுக்கு வியர்க்குமாம். பனையோலை விசிறியோடு முற்றத்தில் வந்து உட்கார்ந்தே விடியுமாம். நெஞ்சு படபடக்கும், மூட்டெல்லாம் வலிக்கும், மருமகளிடம் காரணமின்றிச் சீறிவிட்டு, பின்னர் தனியே அழுவார். "எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோ" என்ற பயம் வேறு. அக்கம்பக்கத்தார் சொல்லித் தாயத்தும் கட்டியாயிற்று.

ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியபோது கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்களாம். நகையை அடகு வைத்தாவது அதைச் செய்துவிடலாம் என்று குடும்பமும் தயாராகிவிட்டது. நல்லவேளையாக உறவினர் ஒருவர் மதுரையில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் முறைப்படி பரிசோதித்து, கர்ப்பப்பையில் கேடு எதுவுமில்லை என்று கண்டறிந்து, தோலில் பூசும் மருந்தும் இரவில் விழுங்கும் குளிகையும் எழுதிக் கொடுத்தார். மாதத்திற்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. முதல் மாதம் வாங்கினார்கள், தாயார் தூங்கினார். இரண்டாம் மாதம், "வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு? மாசாமாசம் ஆயிரம் ரூபாய்க்கு எங்க போறது?" என்று நிறுத்திவிட்டார்கள். அரசின் மகளிர் உரிமைத் தொகையாக அவர் கணக்கில் வந்த ஆயிரம் ரூபாயோ, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வேனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். உறுப்பை வெட்டி எடுக்கப் பல்லாயிரம் ரூபாய் கடன்பட அந்த வீடு தயாராக இருந்தது. அந்த உறுப்பைக் காப்பாற்றி, தூக்கத்தையும் திருப்பிக் கொடுத்த மருந்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் இல்லை என்றது. உண்மையில் அந்த வீட்டில் இல்லாமற்போனது பணம்தானா?

உடலில் நடப்பது என்ன?

பெண்ணின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. வயது ஏற ஏற அந்தச் சுரப்பு ஏறி இறங்கித் தடுமாறி, முடிவில் அடங்கிவிடுகிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிலக்கு இல்லையென்றால் அது நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே இது நிகழ்ந்துவிடுகிறது. மேலைநாடுகளில் ஏறத்தாழ 51. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது உடலின் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. அதனால்தான் அனலும் வியர்வையும். அந்தத் தொல்லை பலருக்கு ஏழு ஆண்டுகள்வரை நீடிக்கிறது. எலும்பு வேகமாகத் தேய்கிறது. சிறுநீர்ப் பாதையும் பிறப்புறுப்பும் உலர்ந்து எரிச்சலும் தொற்றும் வருகின்றன. சிலர் இவை எதுவுமின்றி எளிதாகக் கடந்து செல்வதும் உண்டு. அவர்களைக் காட்டி மற்றவர்களைக் குறை சொல்வது நீதியாகாது.

குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பதுதான் இதற்கான சிகிச்சை. 1942 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரபல மருந்து, சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்டது. நம்மவர்கள் தயங்குவதற்கு இது ஒரு நியாயமான காரணமே. ஆனால் இன்று சினைப்பையே சுரப்பதை மூலக்கூறு பிசகாமல் ஒத்த ஹார்மோன்கள், தாவரங்களிலிருந்து எடுக்கும் பொருளைக்கொண்டு தயாராகின்றன. மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்யும் வழியை 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். இவ்வாறு உடலின் ஹார்மோனை அப்படியே ஒத்த எஸ்ட்ரடையாலும் புரோஜெஸ்டிரோனும் நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. குளிகையின் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். அதில் ஐயமுள்ளவர்கள் மருத்துவரிடமும் மார்க்க அறிஞரிடமும் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக்கூடாது. அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோனும் சேர வேண்டும். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பெரும்பாலும் மலிவு. தோலில் பூசுவதோ இரத்தம் உறையும் அபாயம் குறைந்தது, ஆனால் விலை கூடியது. பாதுகாப்பான வழி ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. மற்றொரு பக்கம், "உங்களுக்கென்றே தனியாகக் கலந்தது, முற்றிலும் இயற்கையானது" என்ற பெயரில் அதிக விலைக்கு விற்கும் கலவைகளும் உலகில் உண்டு. அவற்றின் பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2020 இல் எச்சரித்தது. ஆகவே இயற்கை என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுத்து ஏமாற வேண்டாம்.

மூப்புக்கு மருந்துண்டா?

இங்கே மார்க்க ரீதியான ஓர் ஆட்சேபணை எழும். அல்லாஹ்வின் அடியார்கள் மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்றும், எந்த நோயையும் அவன் மருந்தின்றி இறக்கவில்லை என்றும் கூறிய நபி (ஸல்) அவர்கள், மூப்பு ஒன்றை மட்டும் அதிலிருந்து நீக்கினார்கள். இது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இடம்பெறும் ஹதீஸ். "மாதவிலக்கு நிற்பது மூப்பின் அடையாளம், மூப்புக்கு மருந்தில்லை, எனவே இது வீண் செலவு" என்று சிலர் சொல்லக்கூடும். அன்று ஸபரை மட்டும் சொல்லியனுப்பிய நம் மனதிலும் ஏறக்குறைய இதே எண்ணம்தான் இருந்தது.

இது சரியான முடிவன்று. 47 வயதுப் பெண்ணுக்கு முன்னே இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்வு, அல்லாஹ் நாடினால், காத்திருக்கிறது. அவளுக்குத் தரும் மருந்து வயதைத் திருப்புவதற்கல்ல. தூக்கமின்மைக்கும் அனலுக்கும் எரிச்சலுக்கும் எலும்புத் தேய்வுக்கும் தரப்படுகிறது. நாற்பதைத் தாண்டியதும் எழுத்து மங்கினால் ஆண்கள் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறோம். பல் விழுந்தால் கட்டிக்கொள்கிறோம். அதையெல்லாம் மூப்புக்கு எதிரான கலகம் என்று எவரும் ஃபத்வா கொடுத்ததில்லை. நம் கண்ணுக்கு ஒரு நியாயம், தாயின் எலும்புக்கு ஒரு நியாயமா?

துன்பத்தை வாய்விட்டுச் சொல்வது ஸபருக்கு மாற்றமானது என்பதும் தவறு. மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் எலும்பு பலவீனமாகிவிட்டதைத் தம் இறைவனிடம் முறையிடுகிறார்கள். நபி ஒருவரே சொன்னதை நம் வீட்டுத் தாய் சொன்னால், அதை "முனகல்" என்று எப்படி ஒதுக்குவது?

அச்சமும் அளவும்

"அந்த மருந்து புற்றுநோயை வரவழைக்குமாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தின் வேர் 2002 ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக்கொண்டு நடந்த பெரும் ஆய்வு ஒன்று அவ்வாண்டு ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் இரத்த உறைவும் மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். செய்தி உலகெங்கும் பரவி, ஏராளமான பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அவர்களுக்குக் கொடுத்தது குதிரையிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கையான வேறொரு ஹார்மோனும். அதிகமாகக் காணப்பட்ட மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் சுமார் எட்டு. பின்னர் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குவோரில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இம்மருந்துகள்மீது பொறித்திருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கும் நடவடிக்கையை 2025 நவம்பரில் அறிவித்தது.

இதனால் எல்லோரும் வாங்கி உண்ணலாம் என்று பொருளல்ல. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் கேடுள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் ஆகியோர் விலகியிருக்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் கண்டால், அதை வெறும் மஸ்அலாவாக மட்டும் எண்ணாமல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம், அளவோடு அஞ்சுவோம்.

நாம் அஞ்ச மறந்தது வேறொன்று. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் ஏழைப் பெண்களில் பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது 2019 இல் அரசுக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், படிப்படியாக வரவேண்டிய பருவம் ஒரே இரவில் வந்து விழும். அனலும் எலும்புத் தேய்வும் இன்னும் கடுமையாகும். தேவையான அறுவையை நாம் மறுக்கவில்லை. மருந்துக்கு மாதாமாதம் செலவாகுமே என்று அஞ்சிக் கத்தியைத் தேடுவதைத்தான் கண்டிக்கிறோம்.

செலவு யார் மீது?

இனி மூலக் கேள்விக்கு வருவோம். மனைவியின் மருந்துச் செலவு கணவன்மீது கடமையான நஃபகாவைச் சேர்ந்ததா?

மறைக்காமல் சொல்கிறோம்: முற்கால ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றையே நஃபகாவில் சேர்த்தார்கள், மருந்து விலையையும் மருத்துவரின் கூலியையும் சேர்க்கவில்லை. அவர்களில் சிலர் வாடகை வீட்டை உவமை காட்டினார்கள். குடியிருப்பவன் வீட்டைப் பெருக்கித் துப்புரவாக வைக்கக் கடமைப்பட்டவன். இடிந்த சுவரைக் கட்டித் தருவது அவன் கடமையல்ல என்றார்கள். மருத்துவம் அரிதாகவும், அதன் பலன் நிச்சயமற்றதாகவும் இருந்த காலத்தின் தீர்ப்பு அது. அந்த இமாம்களின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் 2015 இல் மறைந்த சிரியா நாட்டுப் பேரறிஞர் வஹ்பா அஸ்ஸுஹைலீ (ரஹ்) அவர்கள், இக்காலத்தில் மருந்தின் தேவை உணவின் தேவையைப் போன்றதே என்றும், மனைவி நலமாயிருக்கையில் பயனடைந்துவிட்டு நோயுற்றபோது பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லுறவாகாது என்றும் வாதிட்டு, சிகிச்சையும் கணவனின் பொறுப்பே என்று எழுதினார்கள். நமது பணிவான கருத்தும் அதுவே. மனைவியரோடு நன்முறையில் வாழும்படி அன்னிஸா அத்தியாயத்தின் 19 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நன்முறை எது என்பதைக் காலத்தின் வழக்கமே காட்டித் தருகிறது. இரத்த அழுத்த மாத்திரையும் இன்சுலினும் அரிசி பருப்போடு மளிகைக் கணக்கில் ஏறிவிட்ட இந்நாளில், அவளுடைய மருந்தை மட்டும் ஆடம்பரம் என்று தள்ளுவது எந்த வழக்கம்?

மாதவிலக்கு நின்ற பெண்களைக் குறிப்பிடும் அதே அத்தலாக் அத்தியாயத்தில் மூன்று வசனங்கள் தாண்டினால், வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவன் அல்லாஹ் அவனுக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்ற கட்டளை வருகிறது. வசதியுள்ள அபூஸுஃப்யான் (ரலி) போதிய அளவு தருவதில்லை என்று மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். போதுமானது எது என்பதை அளக்கும் உரிமை முழுவதும் கணவனிடம் மட்டும் இல்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். கணவன் இல்லாத ஏழைத் தாய்க்கு வசதியுள்ள மகன் பொறுப்பாளி. இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடே இல்லை.

ஜமாஅத்தும் அரசும்

கணவனுக்கும் மகனுக்கும் மெய்யாகவே இயலாதபோது ஜமாஅத் எதற்கு இருக்கிறது? பைத்துல்மாலில் அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டால் கிடைக்கிறது. மாத மருந்துக்குக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை. ஆண்கள் அமர்ந்திருக்கும் கமிட்டியின் முன் ஒரு பெண் என்னவென்று சொல்லிக் கேட்பாள்? நிஸ்வான் மத்ரஸா ஆலிமாக்களில் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். நோயின் பெயர் கமிட்டிக்குத் தேவையில்லை. ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைப் பெண்ணுக்கு அந்நிதியிலிருந்து மருந்தை வாங்கி அவள் கையில் ஒப்படைத்தால் ஸகாத்தும் நிறைவேறிவிடும்.

அரசிடமும் கேட்போம். 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டியது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், இரண்டு மருந்துச் சீட்டுக்குரிய கட்டணத்தைக் கட்டினால் ஓராண்டு முழுவதும் இந்த ஹார்மோன் மருந்துகளைப் பெறலாம். ஆஸ்திரேலியா 2025 மார்ச்சில், நாம் மேலே சொன்ன பூச்சு மருந்தையும் புரோஜெஸ்டிரோன் குளிகையையும் அரசு மானியப் பட்டியலில் சேர்த்தது. மாதம் ஆயிரம் ரூபாயை நம் ஏழைகளும் தாங்கும் தொகையாக்க வழி இருக்கிறது. தாய்மார்களின் பெயரால் கேட்கும் குரல்தான் இல்லை.

நின்று கேட்போம்

கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை வாசகர்கள் அறிவர். தம் இளமையெல்லாம் கணவருக்கே செலவாகி, வயது முதிர்ந்து பிள்ளைப்பேறும் நின்றுவிட்ட பிறகு அவர் தம்மை ழிஹார் செய்து ஒதுக்கிவிட்டார் என்று அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். வீட்டின் மறுமூலையில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அதில் சில சொற்கள் கேட்கவில்லை. அல்லாஹ் கேட்டான். அல்முஜாதலா அத்தியாயம் அந்த முறையீட்டைக்கொண்டே தொடங்குகிறது. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அதே அம்மையார் வழியில் நிறுத்திப் பேசியபோது, அவர்கள் நெடுநேரம் நின்று செவிசாய்த்தார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம்.

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்கு ஊர் வந்தால், நமது தாயார் நள்ளிரவில் வாசல் திண்ணையில் அமர்ந்திருப்பார்கள். "என்னம்மா, தூங்கலையா?" என்று கேட்டால், "புழுக்கமா இருக்கு, நீ போய்ப் படு" என்பார்கள். சில நாள் சிறு விஷயத்துக்கும் கோபித்துக்கொள்வார்கள். வயதாகிவிட்டதால் குணம் மாறிவிட்டது என்று நாம் நினைத்தோம். ஹைளின் பாடத்தை மனனம் செய்துகொண்டிருந்த மகனுக்கு, திண்ணையில் இருந்த தாயின் நிலை புரியவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

பாளையம்பட்டித் தாயாரின் வீட்டுக்குச் சில நாள் கழித்து நாமே சென்று, அவருடைய கணவரிடமும் மகனிடமும் பேசினோம். மகன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் மருந்து வாங்கினார்கள் என்று நம் மனைவி மூலம் அறிந்தோம். ஒவ்வொரு மாதமும் அது தவறாமல் தொடர வேண்டும் என்று துஆச் செய்கிறோம்.

இதை வாசித்து முடிக்கும் சகோதரர்கள் இன்றிரவு தம் தாயிடம், தம் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: நன்றாகத் தூங்குகிறீர்களா? பதில் வரும்வரை சற்று நிற்கட்டும்.

தாய்மார்களின் முறையீட்டைச் செவியேற்கும் உள்ளத்தையும், அவர்களுக்குச் செலவிடும் கரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.